கடை பில்லிங் மென்பொருளுக்கு எந்த டேட்டாபேஸ்?

கேள்வி: சிறு கடைகளுக்கு சி ஷார்ப்பில் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை மைக்ரோசாஃப்ட் அக்சஸ்தான். ஒரு கடையின் ஃபைல் 1.6 ஜிபியைத் தாண்டிவிட்டது. கடைக்காரர் தனியாக எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத டேட்டாபேஸ் வேண்டும். கரண்ட் போனாலும் பில் தொலையக் கூடாது. சில கடைகளில் இரண்டாவது கவுன்டரும் வரலாம். எதை எடுப்பது?

பதில்: அக்சஸ் ஃபைலின் உச்ச வரம்பு 2 ஜிபி. அதனால் அந்தக் கடையைத்தான் முதலில் மாற்ற வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

ஒரே கணினியில் பில் போடும் கடைகளுக்கு யோசிக்காமல் எஸ்க்யூலைட் எடுங்கள். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கியது. யாருக்கும் உரிமைத் தொகை கட்ட வேண்டாம். உங்கள் மென்பொருளோடு ஒரு டிஎல்எல்லாகவே போய்விடும், தரவு முழுக்க ஒரே ஃபைலில் இருக்கும். அளவு வரம்பு 281 டெராபைட் என்பதால் அந்தக் கவலையும் இல்லை.

கரண்ட் போவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பில்லின் தலைப்பு, அதன் வரிகள், ஸ்டாக் கழிவு எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் (ஒன்று முழுதாகப் பதியும், இல்லையேல் எதுவுமே பதியாத தொகுப்பு) எழுதுங்கள். நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை திறக்கும்போது அரைகுறையாக எழுதியது தானாகவே நீங்கிவிடும். வேகத்துக்கும் இதுவே வழி. ஒவ்வொரு வரியையும் தனித்தனி டிரான்ஸாக்ஷனாக எழுதினால் ஒவ்வொரு முறையும் டிஸ்க்குக்காகக் காத்திருக்க வேண்டும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது நன்றாகவே தெரியும். எழுதியது டிஸ்க்கில் சேரும்வரை காத்திருப்பதைத் தீர்மானிக்கும் 'சின்க்ரனஸ்' அமைப்பை 'ஃபுல்'லிலேயே விடுங்கள். வால் முறையில் (WAL, மாற்றங்களை முதலில் பக்கத்தில் ஒரு தனி ஃபைலில் எழுதும் முறை) அதை 'நார்மல்' ஆக்கினால் ஃபைல் கெடாது, ஆனால் கரண்ட் போகும் நொடிக்குச் சற்று முன் போட்ட பில் காணாமல் போகலாம். கடைக்காரருக்கு அந்த ஒரு பில்லும் முக்கியம்.

இனி இரண்டாவது கவுன்டர். பலர் தடுமாறுவது இங்கேதான். ஃபைலை ஷேர்டு ஃபோல்டரில் வைத்து இரண்டு கணினியிலிருந்தும் திறந்தால் போதும் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இப்போது யார் எழுதுகிறார்கள் என்பதை எஸ்க்யூலைட் ஃபைல் பூட்டுகளை வைத்தே அறிகிறது. நெட்வொர்க் ஃபோல்டரில் அந்தப் பூட்டை நம்ப முடியாது. வால் முறைக்கோ ஒரே கணினியின் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வது அவசியம், ஆகவே நெட்வொர்க் வழியாக அது வேலையே செய்யாது. சோதிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் ஓடும். கூட்டம் நெரியும் ஒரு தீபாவளி வாரத்தில் ஃபைல் கெட்டு நிற்கும்.

ஓராண்டுக்குள் இரண்டாவது கவுன்டர் வரும் என்று தெரிந்தால் அந்தக் கடைக்கு முதலிலேயே ஃபயர்பேர்டு என்ற டேட்டாபேஸைப் போடுங்கள். இதுவும் இலவசம். இன்று எம்பெடட் வகையாக, அதாவது உங்கள் மென்பொருளுக்குள்ளேயே, ஓடட்டும். நாளை ஒரு கணினியில் அதே பதிப்பின் சர்வரை நிறுவி அதே ஃபைலைக் கொடுத்துவிடலாம். உங்கள் எஸ்க்யூஎல் மாறாது, இணைப்பு முகவரிதான் மாறும். எம்பெடட் டிஎல்எல்கள் எஸ்க்யூலைட்டை விடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்டின் சிறு டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் காம்பாக்ட்டை யாராவது சொன்னால் வேண்டாம். அதற்கான ஆதரவு 2021-இலேயே முடிந்துவிட்டது.

எஸ்க்யூலைட்டுக்கு வந்தால் பழக்கத்தில் சிலவற்றை மாற்ற வேண்டும். 'டெசிமல்' என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் பைசாவோடு வரும் தொகையை உள்ளே தோராயமான மிதவைப் புள்ளி எண்ணாகத்தான் வைக்கும். ஜிஎஸ்டி கூட்டலில் பைசா உதைக்கும். தொகையை பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். ஃபாரின் கீ சோதனை (ஒரு அட்டவணை சுட்டும் பதிவு மற்றொன்றில் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது) இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நீங்கள்தான் அதை இயக்க வேண்டும்.

பொருள் பெயர்கள் தமிழில் இருந்தால் அகர வரிசையும் பிசகும். யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து இருப்பதால் பட்டியலில் பன்னீர், பப்பாளி, பருப்பு என்று வரும். நம் வரிசைப்படி பன்னீர் கடைசியில் வர வேண்டும். தமிழ் வரிசை தெரிந்த ஒப்பீட்டை நீங்களே எழுதி கொலேஷனாகப் பதிவு செய்ய வசதி இருக்கிறது, அரை நாள் வேலைதான்.

அப்புறம் பேக்கப். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் தினமும் இரவு முதன்மை ஃபைலை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்து வந்தார்கள். மென்பொருளை மூடுவதே இல்லை. வால் முறையில் புதிய பில்கள் சில நேரம் பக்கத்து வால் ஃபைலில்தான் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. டிஸ்க் போன அன்று, நகலில் கடைசி நாளின் பில்கள் இல்லை. ஃபைலை அப்படியே நகலெடுக்காமல் எஸ்க்யூலைட்டின் பேக்கப் வசதியையோ 'வேக்கூம் இன்டு' கட்டளையையோ பயன்படுத்துங்கள். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுமையான நகல் கிடைக்கும். மாதம் ஒரு முறை அந்த நகலை வேறு கணினியில் திறந்து, நேற்றைய விற்பனைத் தொகை கடையின் கணக்கோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.