வாசகர் கேள்வி – பதில்: கறியை விட்டுவிடலாமா?

கேள்வி: ஐயா, வியாசர்பாடியில் வசிக்கிறோம். ஞாயிறுதோறும் முக்கால் கிலோ ஆட்டுக்கறியோ ஒரு கோழியோ எடுப்பது எங்கள் வழக்கம். கைப்பேசியில் வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, கோழிக்கு ஊசி போட்டு வளர்க்கிறார்கள், ஆட்டுக்கறியில் நாய்க்கறியைக் கலக்கிறார்கள் என்று சொல்லி, இரண்டு மாதமாக வீட்டில் கறியே சேர்க்கக் கூடாது என்கிறார் என் மாமியார். பதினாறு வயது மகளுக்கு இரத்தசோகை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். கறியை அடியோடு விட்டுவிடுவதா, தொடர்வதா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் அவர் அஞ்ச வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்த்து அஞ்சுகிறார்.

முதலில் ஊசி. பிராய்லர் கோழி ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடுவதைப் பார்ப்பவர்களுக்கு ஐயம் வருவது இயல்புதான். பல தலைமுறைகளாக வேகமாக வளரும் கோழிகளையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததும், வயதுக்கேற்ப அளந்து கொடுக்கும் தீவனமுமே அந்த வேகத்துக்குக் காரணம். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் கூலிக்கே கட்டுபடியாகாது. போடப்படும் ஊசி பெரும்பாலும் நோய்த் தடுப்பூசி. கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் பற்றித்தான். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலந்து வந்ததால்தான், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது என்று 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். இறைச்சியில் தங்கிய மருந்து முழுவதும் போய்விடும் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் மாமியாருக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கிறேன்.

அடுத்தது நாய்க்கறி. 2018 நவம்பரில் ராஜஸ்தானிலிருந்து ரயிலில் எழும்பூருக்கு வந்து இறங்கிய ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோ இறைச்சியை நாய்க்கறி என்று சந்தேகித்து அதிகாரிகள் கைப்பற்றியதும், ஊரே பிரியாணியைக் கண்டு ஒதுங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்தபோது அது ஆட்டுக்கறி என்றே முடிவு வந்தது. வதந்தி ஓடிய தூரத்தில் கால்வாசி கூட அந்த முடிவு ஓடவில்லை. எனக்கு அன்றைக்கு வருத்தமாக இருந்தது இன்னொன்று: அது எந்த விலங்கு என்று கேட்டவர்களில், அவ்வளவு தூரம் வந்த கறி வழியெல்லாம் சரியான குளிரில் இருந்ததா என்று கேட்டவர்கள் மிகச் சிலர்தான்.

அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு ஞாயிறும் நாம் கேட்க வேண்டும். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி போன்ற மாநகராட்சி இறைச்சிக்கூடங்களில், அறுப்பதற்கு முன் ஆட்டைக் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். அறுத்த பின் ஈரல், நுரையீரல், நெறிக்கட்டிகளைப் பார்த்து, தேறியதற்கு மட்டும் முத்திரை குத்த வேண்டும். நான் இந்தச் சோதனைப் பணியில் இருந்த காலத்தில், வெளியே பளபளவென்று இருந்த ஆட்டின் ஈரலைக் கீறியவுடன் இலை போன்ற தட்டைப்புழுக்கள் நெளிந்து வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். கடை வாசலிலேயே அறுக்கும் ஆட்டுக்கு இந்தச் சோதனை கிடையாது. ஆகவே கடைக்காரரிடம், "பாய், சீல் எங்கே?" என்று கேளுங்கள். தொடையில் இருக்கும் முத்திரையைத் திருப்பிக் காட்டுபவரிடம் வாங்குங்கள். முகம் சுளிப்பவர் கடையைத் தாண்டிப் போங்கள்.

விடியற்காலையில் அறுத்த ஆடு காலை ஏழு மணிக்குள் உங்கள் கைக்கு வந்து, பத்து மணிக்குள் குழம்பில் கொதித்துவிட்டால், அதில் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. கறுப்புக் கவரில் கட்டிய கறியை வண்டியில் மாட்டிக்கொண்டு, மூலக்கடையில் நண்பரோடு ஒரு மணி நேரம் வெயிலில் பேசிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் மளமளவென்று பெருகும். நம் ஊர் வெயில் அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்குள் வந்த பிறகு நான் அதிகம் அஞ்சுவது அருவாமனையைப் பார்த்துத்தான். கோழியை நறுக்கிய அருவாமனையைத் தண்ணீரில் ஒரு முறை காட்டிவிட்டு, அதிலேயே தயிர்ப்பச்சடிக்கு வெங்காயமும் கொத்தமல்லியும் நறுக்குகிறோம். கோழி வெந்துவிடும், அதிலிருந்த சால்மோனெல்லா என்ற கிருமி செத்துவிடும். வேகாத பச்சடியில் ஏறிய கிருமி அப்படியே வயிற்றுக்குள் போகும். மறுநாள் வயிற்றுப்போக்கு வந்தால் பழி மட்டும் கோழிக்கு. குழாயைத் திறந்துவிட்டுக் கோழியைக் கழுவினால் தெறிக்கும் நீர் பக்கத்திலுள்ள தட்டு வரை போகும். கழுவாமல் சமைக்கச் சொன்னால் நம் வீடுகளில் யாரும் கேட்கப் போவதில்லை; எனவே ஒரு பாத்திரத்தில் நீர் பிடித்து, மஞ்சள் போட்டு அலசி, பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழியின் உட்பகுதி 74 டிகிரி சூடாக வேண்டும்; கொதிக்கும் குழம்பு அதைத் தாராளமாகத் தாண்டிவிடும். தணலில் வாட்டுவதும் ஷவர்மாவும்தான் பல நேரங்களில் எலும்பை ஒட்டியோ நடுவிலோ வேகாமல் நிற்கின்றன. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்ததும் இப்படிப்பட்ட காரணத்தால்தான்.

இனி உங்கள் கேள்வி. உயிர்க்கொலை வேண்டாம் என்று கருதி விடுவதானால் அதை நான் கைகூப்பி ஏற்பேன். ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலாரின் ஊர் இது. காணொளிக்குப் பயந்து விடுவதற்கு எனக்குச் சம்மதமில்லை, அதுவும் இரத்தசோகை உள்ள பெண் வீட்டில் இருக்கும்போது. கறியிலும் சுவரொட்டியிலும் (ஆட்டின் மண்ணீரல்) உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதாக ஏற்கும். கீரையில் உள்ளதை அவ்வளவு எளிதாக ஏற்காது. கறியை நிறுத்தினால், கீரை, பயறுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக் கொடுங்கள். சாப்பிட்டவுடன் தேநீர் கொடுக்காதீர்கள். பி12 சத்துக்காகப் பாலும் முட்டையும் தவறக் கூடாது. மருத்துவர் எழுதிய மாத்திரையை எந்த நிலையிலும் நிறுத்த வேண்டாம். உங்கள் மாமியாரை ஒரு ஞாயிறு கடைக்கு அழைத்துப் போய், முத்திரையை அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு வரும் என்கிறார்களே? – வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: சரியாக வேகாத பன்றிக்கறியால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது, அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கையாலோ அசுத்த நீர் பாய்ந்த காய்கறியாலோ நம் வயிற்றுக்குள் போவதால். சைவர்களுக்கும் வலிப்போடு இந்த நோய் வந்ததுண்டு. கறியை நன்றாக வேகவையுங்கள். பச்சையாகத் தின்னும் கேரட்டையும் நன்றாகக் கழுவுங்கள்.

கேள்வி: ஆட்டுக்கறியால் புற்றுநோய் வருமாமே? உப்புக்கண்டம் நல்லதா? – வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை வரிசையில் வைத்தது, தினமும் 50 கிராம் தின்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணக்கு. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்றவற்றை அதற்கு ஒரு படி கீழே, 'வாய்ப்பு உண்டு' என்ற வகையில் வைத்தது. உப்பிட்டு உலர்த்துவதும் பதப்படுத்துவதுதான் என்பதால் உப்புக்கண்டம் முதல் வகையில் சேரும். மாதத்துக்கு ஒரு முறை பழைய சோற்றுக்கு இரண்டு துண்டு வறுத்துக்கொள்ளலாம், தினமும் வேண்டாம்.