ஒரு வைக்கோல் கட்டின் அடக்க விலை என்ன?

கேள்வி: மன்னார்குடி பக்கம் 5 ஏக்கரில் சம்பா அறுத்துவிட்டோம். வயலில் கிடக்கும் வைக்கோலை அப்படியே எடுத்துக்கொண்டு ஏக்கருக்கு 1,500 ரூபாய் தருவதாக ஒரு வியாபாரி சொல்கிறார். வைக்கோலைச் சுருட்டிக் கட்டாகக் கட்டும் பேலர் இயந்திரத்தை ஓட்டும் வண்டிக்காரர் கட்டுக்கு 40 ரூபாய் கூலி கேட்கிறார்; ஏக்கருக்கு 45 கட்டு தேறுமாம். வைகாசியில் எங்கள் ஊரில் கட்டு 120 ரூபாய் வரை போகும். வீட்டில் இரண்டு கறவை மாடு உண்டு. கட்டி வைப்பது லாபமா? டிராக்டர் இருக்கிறதே, 3,80,000 ரூபாய் கொடுத்துப் பேலரையே வாங்கிவிடலாமா என்கிறான் மகன்.

பதில்: 40 ரூபாய்க்குக் கட்டி 120-க்கு விற்றால் 80 ரூபாய் மிச்சம் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். அந்த 40 கூலி மட்டும்தான். அடக்க விலை அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

5 ஏக்கருக்கு 225 கட்டு. கட்டுகூலி 9,000. வயலிலிருந்து ஏற்றி, களத்தில் இறக்கி அடுக்கக் கட்டுக்கு 8 ரூபாய் என்றால் 1,800. அடியில் பரப்பக் கட்டை, மேலே மூடத் தார்ப்பாய் என்று இந்த வருஷத்துப் பங்காக ஒரு 1,200. ஆகக் கைச்செலவு 12,000. அடிவரிசை ஈரம் பிடித்தும் எலி கடித்தும் நூற்றுக்கு ஐந்து வீணாகும் என்று வைத்தால் உருப்படியாக நிற்பது 214 கட்டு. கட்டுக்கு 56 ரூபாய் வருகிறது.

இதோடு முடியவில்லை. வியாபாரி தருவதாகச் சொன்ன 7,500-ஐ நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். அதுவும் செலவுதான். அதைச் சேர்த்தால் 19,500. கட்டுக்கு 91 ரூபாய். வைகாசியில் 91-க்கு மேல் விற்கிற தொகைதான் உங்கள் உழைப்புக்கும், மூன்று நான்கு மாதம் காத்திருப்பதற்கும், மழைக்கும் தீக்கும் பயந்துகொண்டிருப்பதற்கும் கிடைக்கிற கூலி. 120 நிச்சயமாகக் கிடைத்தால் மொத்தம் 6,180 ரூபாய். 100-க்கு இறங்கினால் 2,000 கூடத் தேறாது.

மாட்டுக்கு என்றால் கணக்கு வேறு. பசுந்தீவனத்தோடு மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ வைக்கோல் என்றால் இரண்டு மாட்டுக்கு ஆறு மாதத்துக்கு 1,800 கிலோ. 15 கிலோ கட்டாக 120. அதை வைகாசியில் 120 ரூபாய் கொடுத்து வாங்குவதைவிட இப்போதே கட்டி வைப்பது நல்லது. என் யோசனை, 3 ஏக்கரைக் கட்டுங்கள். 135 கட்டில் சேதாரம் போக 128 நிற்கும். மீதி 2 ஏக்கரை வியாபாரியிடம் விட்டுவிடுங்கள். மேற்கொண்டு 80, 90 கட்டை அடுக்கி வைத்து விலைக்குக் காத்திருப்பதில் பெரிய வருமானம் இல்லை.

மேலே 15 கிலோ என்று எழுதினேன் பாருங்கள், எல்லாக் கணக்கும் அதில்தான் நிற்கிறது. வண்டிக்காரருக்குக் கூலி கட்டு எண்ணிக்கைக்கு. தளர்வாகக் கட்டினால் அதே வைக்கோலில் எண்ணிக்கை கூடும், அவருக்குக் கூலியும் கூடும். 15 கிலோ கட்டு 91 ரூபாய் என்றால் கிலோ 6 ரூபாய் சொச்சம். அதே 91 ரூபாய்க் கட்டு 12 கிலோதான் என்றால் கிலோ 7.60-ஐத் தொடும். அதனால் ஒரு கொக்கித் தராசு எடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள். முதல் ஐந்தாறு கட்டை நிறுத்துப் பாருங்கள். உள்ளங்கையால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. கயிற்றைப் பிடித்துத் தூக்கினால் கட்டு உருவம் மாறக் கூடாது. சில பேர் சணலை மிச்சம் பிடிக்கச் சுற்றைக் குறைப்பார்கள். அந்தக் கட்டு லாரியில் ஏற்றும்போதே பிரிந்துவிடும். இறுக்கத்தைக் கூட்டச் சொல்லிவிட்டு அப்புறம் மீதியை ஓட்டச் சொல்லுங்கள். எடையைப் பேசாமல் கூலியைப் பேசாதீர்கள்.

தை, மாசியில் பனி இறங்குவதால் காலை பத்து மணிக்கு முன் கட்ட விட வேண்டாம். ஈரத்தோடு கட்டினால் எடை நன்றாகத்தான் காட்டும். உள்ளே பூசணம் பிடிக்கும், மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஈர வயலில் பெல்ட் வண்டி (பெல்ட் சக்கர அறுவடை இயந்திரம்) ஓடிய இடத்தில் வைக்கோல் சேற்றில் அமுங்கிக் கிடக்கும். அந்த வரிசையைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

யாரும் எழுதாத செலவு ஒன்றும் உண்டு. ஏக்கருக்கு 675 கிலோ வைக்கோல் வெளியே போனால் அதோடு ஏறக்குறைய 10 முதல் 13 கிலோ சாம்பல்சத்தும் போகிறது. அதை ஈடுகட்ட 20 கிலோவை ஒட்டிப் பொட்டாஷ் உரம் வேண்டும். 50 கிலோ மூட்டை 1,600 ரூபாய் என்றால் 600 ரூபாய்க்கு மேல். வியாபாரி தரும் 1,500-இல் நிஜமாக உங்களுக்கு நிற்பது 900-தான். வீட்டு மாட்டுக்குப் போட்டால் பெரும்பகுதி சாணமும் மூத்திரமுமாக வயலுக்கே திரும்பும்.

பேலர் வாங்குவது: வேண்டாம். 3,80,000 போட்டு எட்டு வருஷம் கழித்து 80,000-க்கு விற்றாலும் தேய்மானம், வட்டி, பழுது சேர்த்து வருஷத்துக்கு 75,000 வரும். டீசல், ஓட்டுநர், சணல், டிராக்டர் தேய்மானம் என்று கட்டுக்கு 22 ரூபாய் ஓட்டச் செலவு போட்டால், 40 ரூபாய் கூலியில் மிஞ்சுவது 18. அந்த 75,000-ஐ எடுக்கவே 4,000 கட்டுக்கு மேல், அதாவது 90 ஏக்கருக்கு மேல் ஓட்ட வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகப் பாதி மானியம் கிடைத்தாலும் 50 ஏக்கருக்குக் குறையாது. சுற்றுவட்டார வயல்களில் மகன் இறங்கி வாடகைக்கு ஓட்டத் தயார் என்றால் அது தனித் தொழில். அப்போது 90 ஏக்கருக்கு ஆள் பிடித்த பிறகு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கட்டும்.

கேள்வி: மாட்டுக்கு வெளியில் கட்டு வாங்குகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கிலோவுக்கு விலை பேசுங்கள். லோடில் மேலே இருப்பதை விட்டுவிட்டு நடுவில் ஒன்றை இழுத்து, கயிற்றை அறுத்துப் பாருங்கள். உள்ளே கை விட்டால் சூடாக இருந்தாலோ, கருத்துப் புழுங்கிய வாடை வந்தாலோ அந்த லோடே வேண்டாம். பூசணம் பிடித்ததை வெயிலில் காய வைத்தாலும் நஞ்சு போகாது, கறவை மாட்டுக்குப் போடாதீர்கள்.