1980களில் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி எப்படி எடுத்தது? எவ்வளவு உயரத்தில் ஆன்டெனா கட்டினார்கள்?

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உயரத்தால் வந்த லாபம் கொஞ்சம்தான். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி வீட்டு மாடிகளில் நின்ற நெட்டைக் குழாய்களைப் பார்த்தவர்கள் எல்லாம் "அந்த உயரத்துக்குத்தான் சிலோன் எடுத்தது" என்பார்கள். எடுக்க வைத்தது கடலும் காற்றும். குழாய் பக்கத்து வீட்டுத் தென்னையைத் தாண்டினால் போதும்.

காலவரிசையை முதலில் பார்த்துவிடுவோம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. ஆனால் ராமேஸ்வரம் அங்கிருந்து நேர்க்கோட்டிலேயே 400 கி.மீ.க்கு மேல். இந்தப் பக்கம் இலங்கையில் ஐ.டி.என். தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் வந்தது. ஜப்பான் உதவியோடு கட்டிய ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15ல் ஒளிபரப்பைத் தொடங்கியது. 80கள் என்றதும் சென்னைக்காரர் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', 1984ல் 'ஹம் லோக்', 1987ல் 'ராமாயண்' என்று அடுக்குவார். இந்தக் கரையில் வரிசையே வேறு. இலங்கை வானொலி முதலில், அப்புறம் ரூபவாஹினி, அப்புறம் டெக் என்ற வீடியோ கேசட் பெட்டி, கடைசியில்தான் தூர்தர்ஷன்.

இனி கணக்கு. தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். ஓர் உயரத்திலிருந்து அது தொடும் தூரம் கிலோமீட்டரில், மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் வரும். 12 மீட்டர் குழாய்க்கு 14 கி.மீ. குழாயை 24 மீட்டராக இரட்டித்தால் 20 கி.மீ. இவ்வளவு செலவும் ஆபத்தும் கூடுதலாக 6 கி.மீ.க்காக. ரூபவாஹினியின் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் பிதுருதலாகல மலையில், இலங்கையின் உச்சியான 2524 மீட்டரில் இருந்தது. அங்கிருந்து சுமார் 205 கி.மீ. தொடும். நம் 14ஐச் சேர்த்தால் 220. ராமேஸ்வரம் அந்த மலையிலிருந்து 300 கி.மீ. பக்கம், கீழக்கரை 330. ஆக, 80 முதல் 110 கி.மீ. வரை துண்டு விழுகிறது. அந்தத் துண்டை எந்தக் குழாயாலும் நிரப்ப முடியாது.

அதை நிரப்பியது மன்னார் வளைகுடா. வெயில் சாய்ந்த நேரத்தில் நிலத்திலிருந்து வரும் சூடான, காய்ந்த காற்று, கடல்மேல் கிடக்கும் குளிர்ந்த ஈரக் காற்றின் மேல் படுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே அடர்த்தி சட்டென மாறுவதால், மேலே போகவேண்டிய அலை கீழ்ப்பக்கம் வளைந்து கடலை ஒட்டியே வரும். தொழில்நுட்பக்காரர்கள் இதை டக்டிங் என்பார்கள். காற்று விழுந்து கடல் சும்மா கிடக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான சாயங்காலங்கள் இதற்கு ஏற்றவை. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பிடித்து அடிக்கத் தொடங்கினால் அந்த அடுக்கு கலங்கிவிடும், படமும் போய்விடும். ஆன்டெனாவில் கையே வைக்காமல் நேற்று பளிச்சென்று வந்த படம் இன்று புள்ளி புள்ளியாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம். பாவம், நிறையப் பேர் மாடியேறி நன்றாக இருந்த ஆன்டெனாவைத் திருப்பிக் கெடுத்தார்கள். பழுதா, காற்றா என்று கண்டுபிடிக்க எளிய வழி பக்கத்து வீட்டைக் கேட்பதுதான். அங்கேயும் போயிருந்தால் ஏணியை எடுக்க வேண்டாம்.

திசை விஷயத்தில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. கீழக்கரையிலிருந்து பிதுருதலாகல சரியாகத் தென்கிழக்கு. ராமேஸ்வரத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தெற்கே சாய்க்க வேண்டும். ஆனால் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபக்காரர்களுக்கு இன்னொரு வசதி இருந்தது. இலங்கையின் வடக்கே மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவே கொக்காவிலில் ரூபவாஹினிக்கு ஒரு மறு ஒளிபரப்பு நிலையம். ராமேஸ்வரத்துக்கு அது நேர் கிழக்கு, சுமார் 120 கி.மீ., வழியில் பெரும்பகுதி கடல். தொண்டியிலிருந்து கிழக்கும் தென்கிழக்குக்கும் இடைப்பட்ட திசை. இரண்டு பக்கமும் ஆசைப்பட்டு ஒரே குழாயில் இரண்டு ஆன்டெனா கட்டி, இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாக்கியவர்கள் உண்டு. இரண்டு பக்கச் சிக்னலும் ஒன்றையொன்று தின்று, படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் படம் விழும். தனித்தனி வயர் இறக்கி டிவி பக்கத்தில் மாற்றிச் செருகுவதுதான் சரி. இல்லையென்றால் ஒரே ஆன்டெனா, குழாயின் அடியில் திருப்ப ஒரு கைப்பிடி.

ஆன்டெனா அளவில்தான் பலர் ஏமாந்தார்கள். அந்தக் காலத்து டயனோரா, சாலிடேர் பெட்டிகளில் 'டக் டக்' என்று திருகும் சானல் குமிழில் 2 முதல் 4 வரை கீழ்ப்பட்டை, 5 முதல் 12 வரை மேல்பட்டை. ரூபவாஹினி வந்தது மேல்பட்டையில். கீழ்ப்பட்டை ஆன்டெனாவின் கம்பி 2 மீட்டருக்கு மேல் நீளும். மேல்பட்டைக்கு அதில் பாதிகூட வேண்டாம். அலைவரிசையை மெகாஹெர்ட்ஸில் எடுத்து 143ஐ அதால் வகுத்தால் நடுக்கம்பியின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 5ஆம் எண்ணின் நடு 178 மெகாஹெர்ட்ஸ், எனவே 80 செ.மீ. பின்னால் நிற்கும் கம்பி 84 செ.மீ., முன்னால் வரும் கம்பிகள் 77, 76, 75 என்று குறைந்துகொண்டே போகும். பின்கம்பிக்கும் நடுக்கம்பிக்கும் இடைவெளி 34 செ.மீ., முன்கம்பிகளுக்கு 25 முதல் 34 வரை. 10ஆம் எண்ணுக்கு வெட்டினால் நடுக்கம்பி 67 செ.மீ.தான். கம்பிகள் தரைக்குப் படுக்கையாக நிற்க வேண்டும்.

பெரிதாக இருந்தால் நிறைய இழுக்கும் என்று மதுரைக் கடையில் கீழ்ப்பட்டை ஆன்டெனாவை வாங்கி வந்தவர்களுக்கும் படம் வந்தது, அது வேறு கதை. 4ஆம் எண்ணின் நடு 64.5 மெகாஹெர்ட்ஸ். அதன் மூன்று மடங்கு 193, மேல்பட்டைக்குள் விழுகிறது. அதனால் அந்தக் கம்பி தற்செயலாக வேலை செய்யும். ஆனால் நேர் எதிரே பார்க்க வைத்தால் பலம் குறைவு, இரண்டு பக்கமும் சாய்ந்துதான் அதிகம் இழுக்கும். "மேக்கால திருப்புனாத்தான் சிலோன் எடுக்குது" என்று சிலர் சத்தியம் செய்ததில் பொய் இல்லை.

வயரும், சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரும் ஆன்டெனா அளவுக்கே முக்கியம். தட்டையான ரிப்பன் வயரில் காய்ந்த நாளில் இழப்பு குறைவு. ஆனால் கடலோரத்தில் அதன்மேல் உப்புப் படியும். இரவில் ஈரம் பட்டதும் அந்த உப்பு மின்சாரம் கடத்தத் தொடங்கி, சிக்னல் வழியிலேயே கரைந்துவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மாதம் ஒருமுறை துடைத்தாலே படம் தேறும். உருண்டைக் கோ-ஆக்சியல் வயருக்கு உப்புப் பயம் குறைவு. ஆனால் 25 மீட்டர் ஓடினால் சாதாரண வகையில் சக்தி ஏறக்குறைய பாதியாகும். ஆன்டெனா முனையில் 300 ஓமை 75 ஆக்கும் பாலுன் வேறு வேண்டும். அது இல்லாமல் நேராக முறுக்கிவிட்டால் நிழல் விழும்.

பூஸ்டரை டிவி மேல் வைப்பது வீண்செலவு. வயரில் தேய்ந்து, இரைச்சலோடு கலந்து வந்த சிக்னலைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அது குழாய் உச்சியில், ஆன்டெனாவிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கான மின்சாரம் அதே வயரில் கீழிருந்து ஏறும். டக்டிங் பலமான நாளில் பூஸ்டர் திணறி, படத்தில் படுக்கைக் கோடுகள் ஓடும். அப்போது பூஸ்டரைக் கழற்றிவிட்டு, ஆன்டெனா வயரை நேராகப் பெட்டிக்கு விட்டாலே படம் நன்றாக வரும்.

உப்புக்காற்று சும்மா விடாது. அலுமினியக் கம்பியை இரும்பு போல்ட்டால் முடுக்கினால், ஈரத்தில் இரண்டும் சேர்ந்து மின்கலமாகி, இரும்பை விட்டுவிட்டு அலுமினியத்தை அரிக்கும். வெள்ளை மாவாக உதிரும். செம்பு வயர் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஒரு மழைக்காலம் போனால் ஆன்டெனா வெளியே புதுசாகத் தெரியும், இணைப்பு உள்ளே செத்திருக்கும். இணைப்பைச் சுரண்டி, முடுக்கி, எம்-சீல் பூசி, மேலே பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டினால் தாங்கும். குழாயை இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி ஆன்டெனாவுக்கு மிக அருகே போனால் அதுவே ஒரு கம்பியாகிக் குழப்பும். ஒரு மீட்டராவது கீழே கட்ட வேண்டும், உச்சித் துண்டுக்குப் படகு நைலான் கயிறு உத்தமம். நைலான் வெயிலில் தளரும், கச்சான் தொடங்கும் முன் முடிச்சை இறுக்கிவிடணும். அக்டோபர், நவம்பர் இடிக்கு வயரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவதே பாதுகாப்பு.

பெட்டி விஷயத்தில் இந்தக் கரைக்கு அதிர்ஷ்டம். இந்தியா, இலங்கை இரண்டுமே பால்-பி (PAL-B) ஒளிபரப்பு முறை. அதனால் எதையும் மாற்றாமல் படமும் சத்தமும் வந்தன, ரூபவாஹினி கலரிலும் வந்தது. கீழக்கரை, பெரியபட்டினம் சபுராளிகள் (வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போனவர்கள்) துபாய், சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கலர் பெட்டிகளும் அப்படியே ஓடின. சவூதியில் அப்போது செக்காம் (SECAM) என்ற வேறு முறை. அங்கே ஒற்றை சிஸ்டம் பெட்டி வாங்கியவருக்கு மட்டும் கலர் பெட்டியில் கறுப்பு வெள்ளைப் படம்தான். டெக் எல்லா ஊரிலும் இருந்த கதைதான். கடலோரத்தில் அதன் எதிரி ஈரம். கேசட்டின் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்து, ஒரே படத்தில் ஹெட் அடைத்துவிடும். நாடாவை ஜன்னல் வழியாகப் பார்த்து, ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் போடாமல் இருப்பதே புத்தி.

வானொலிக்கு இத்தனை பாடு கிடையாது. 1952ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் கைவிட்டது. விவித் பாரதி 1957 அக்டோபரில்தான் வந்தது. அந்த இடைவெளியில் பிடித்த இலங்கை வானொலிப் பழக்கம் 80கள் வரை விடவில்லை. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் குரல்கள் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் வீட்டு ஆட்களின் குரலாகவே புழங்கின. மத்திய அலை தரையை ஒட்டி ஓடும். கடல்நீர் காய்ந்த நிலத்தைவிட ஆயிரம் மடங்கு அளவில் மின்சாரம் கடத்துவதால் அந்த அலை கடல்மேல் தேயாமல் வரும், காற்றும் பருவமும் அதற்குப் பொருட்டே இல்லை. இரவில் வானத்தில் பட்டுத் திரும்பும் அலையும் கலந்து குரல் மங்கி மங்கி வரும். டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பி பெரும்பாலும் பெட்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும். அதனால் பெட்டியின் முகமோ முதுகோ கொழும்பைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு முனை பார்த்தால் நிலையம் செத்துவிடும்.

கொக்காவில் நிலையம் 1990 ஜூலையில் போரில் அழிந்தது, திரும்ப வந்தது 2011ல்தான். கிழக்கே பார்த்த ஆன்டெனாக்களுக்கு அதோடு வேலை போயிற்று. அதற்குள் 80களின் பிற்பாதியில் கொடைக்கானல் கோபுரம் வந்து தூர்தர்ஷன் இந்த மாவட்டத்தை எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது. 1988 அக்டோபர் 2ல் பாம்பன் சாலைப்பாலம் திறந்தபின் டிவி பெட்டியை ரயிலில் ஏற்றாமல் வேனிலேயே தீவுக்குக் கொண்டுபோக முடிந்தது. 1993 ஏப்ரல் 14ல் சன் டிவி தொடங்கி, கேபிளும் தெருவுக்குத் தெரு வந்ததும் மாடிக்குழாயைக் கழற்றித் துணிக்கொடி கட்டியவர்களும் உண்டு.

இப்போது சோதித்துப் பார்க்க விரும்பினால் எஃப்.எம். இருக்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் காற்று விழுந்த மார்ச் சாயங்காலத்தில் எஃப்.எம். உள்ள போனில் ஹெட்போன் வயரை நீட்டிப் பிடித்து மெதுவாகத் தேடினால் இலங்கை நிலையங்கள் வரும். போனில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், அக்கரை டவர் பிடித்துக்கொண்டு காசு பிடுங்கும். வீட்டிலேயே நல்லபடி எடுக்க வேண்டுமென்றால் பழைய மேல்பட்டை ஆன்டெனா உதவாது, கம்பி குட்டை. 98 மெகாஹெர்ட்ஸுக்கு 143ஐ வகுத்தால் 146 செ.மீ. வரும். அந்த நீளத்தில் அலுமினியக் குழாய் வெட்டி, நடுவில் இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியிலும் வயரின் ஒரு முனையைச் சேர்த்து, எவர்சில்வர் திருகாணி போட்டு முடுக்குங்கள்.