பிரசங்கம் பண்ண வராதவர்கள் இயேசுவைப் பற்றி எப்படிச் சொல்வது?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பிரசங்கம் பண்ண வராது. வசனங்கள் அதிகம் மனப்பாடம் இல்லை. கூட வேலை செய்பவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேசினால் மதம் மாற்ற வந்துவிட்டார் என்று நினைப்பார்களோ என்று பயம்.

என் பதில் இதுதான்: உங்களுக்கு நடந்ததை, கேட்பவரிடம், நடந்த அளவிலேயே சொல்லுங்கள். ஒரு சாதாரண விசுவாசியிடம் வேதம் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான் என்று நம்புகிறேன்.

யோவான் 9ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக ஒருமுறை வாசியுங்கள். பிறவிக் குருடனாக இருந்தவரிடம் முதலில் விசாரிப்பது அக்கம்பக்கத்தார்தான். கண் எப்படித் திறந்தது என்று கேட்கிறார்கள். இயேசு சேறு பூசினார், கழுவச் சொன்னார், கழுவினேன், பார்வை வந்தது என்கிறார். அவர் எங்கே என்றால், "எனக்குத் தெரியாது" என்கிறார். பிறகு யூத மதத் தலைவர்களான பரிசேயர் மடக்கி மடக்கிக் கேட்டபோதும், "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்று நிற்கிறார். தெரியாததைத் தெரியாது என்கிறார், தெரிந்ததை விட்டுக்கொடுக்கவில்லை. மாற்கு 5இல் பிசாசு நீங்கின மனுஷனும் அப்படித்தான். அவர் இயேசுவோடேயே வர ஆசைப்படுகிறார். ஆண்டவரோ அவரை வீட்டுக்கு அனுப்பி, கர்த்தர் இரங்கிச் செய்ததைச் சொந்த ஜனத்துக்குச் சொல்லச் சொல்கிறார். அவருக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கப்படவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். சிறுநீரகம் செயலிழந்த பிறகு அம்மா எங்களோடு வந்து தங்கினார்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போனவர்களுக்குத் தெரியும், ஒரே ஷிப்டில் பெரும்பாலும் அதே முகங்கள்தான் இருக்கும். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், கோடையில் நாக்கு வறண்டு கிடப்பார்கள். ஒருநாள் பக்கத்துக் கட்டிலில் வேறு ஆள் இருப்பார். முன்பு இருந்தவர் என்ன ஆனார் என்று யாரும் சத்தமாகக் கேட்பதில்லை.

அம்மா அங்கே யாருக்கும் சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்ததில்லை. எல்லார் பெயரையும் தெரிந்து வைத்திருந்தார்கள். யார் மகளுக்குப் பரீட்சை, யாருக்குக் காப்பீட்டுப் பணம் இழுத்தடிக்கிறது என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். ராத்திரி ஜெபத்தில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லுவார்கள். "உனக்காக ஜெபம் பண்ணட்டுமா கண்ணு?" என்று கேட்டு, சரி என்றால்தான் கையைப் பிடிப்பார்கள். வேண்டாம் என்றவரிடமும் அடுத்த நாள் அதே மாதிரிதான் பேசினார்கள். எனக்கு இது பெரிய பாடம்.

அம்மா சுகமாகவில்லை, இறந்துபோனார்கள். காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்யும் பெண் கேட்டாள்: "அக்கா, அம்மாவுக்காக அவ்வளவு ஜெபம் பண்ணீங்களே, சாமி மேல கோபம் வரலையா?" அவள் முருக பக்தை. வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

வந்தது என்றேன். அந்தக் கோபத்தை ஆண்டவரிடமே சொன்னேன், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதத்தில் தாவீதே கேட்கிறார், அந்த வரியை வைத்துத்தான் பல ராத்திரி ஜெபித்தேன் என்றேன். ஏன் அம்மாவை எடுத்துக்கொண்டார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாட்களில் நான் தனியாக விடப்படவில்லை, அது மட்டும் நிச்சயமாகத் தெரியும், இயேசுவும் அழுதவர்தான், மரித்தவர்தான், உயிரோடு எழுந்தவர், அதனால் அம்மாவைத் திரும்பப் பார்ப்பேன் என்று நம்புகிறேன் என்று சொன்னேன். அவள் தன் தாத்தா இறந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மணி அடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கதையை நான் கேட்டதும் அந்த உரையாடலில் பாதி என்று நினைக்கிறேன். நம் கதையை மட்டும் இறக்கிவைத்துவிட்டு எழுந்து போவது அன்பாகாது.

சபையில் சாட்சி நேரத்தில் பெரும்பாலும் நல்லபடியாக முடிந்த கதைகளே வருகின்றன. வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது, விசா வந்தது. ஆண்டவர் செய்ததற்கு நன்றி சொல்வது நியாயமே, நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் வெளியே இருப்பவரிடம் பேசும்போது, கிடைக்காத பதிலையும் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் மாத்திரையில் குணமானதை அற்புதம் என்று பெரிதாக்க வேண்டாம். கூட வேலை செய்பவர்கள் நம்மைத் தினமும் பார்க்கிறார்கள். ஒரு விஷயத்தை ஊதிச் சொன்னால் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்வதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அதேபோல் "கர்த்தர் என்னோடு இடைப்பட்டார்", "ஆவியிலே பாரப்பட்டேன்" போன்ற சபைப் பேச்சை விட்டு, வீட்டில் பேசுகிற மாதிரி பேசுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. நோயில் கிடப்பவரிடம், இயேசுவிடம் வந்தால் சுகமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த வாக்கைக் கொடுக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. அவர்கள் கும்பிடும் தெய்வத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். தீபாவளிப் பலகாரம் கொடுத்தால் முகம் கோணாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் நம் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்று தெரியும். ஒன்று கொரிந்தியர் 10இல் பவுல் விருந்தைப் பற்றிச் சொல்வதை வைத்து நான் வாங்கிக்கொள்கிறேன். முக்கியமாக, உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். சம்பளம் உங்கள் கையெழுத்தில் இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அவர்களுக்குக் கிடையாது.

பயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதற்காக இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை இருக்கிறது என்று பொருளல்ல என 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம், ஆசை வார்த்தை, மிரட்டல் எதுவும் கலக்காமல், கேட்டவருக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்வது வேறு விஷயம். ஒருவர் மனதை மாற்றுவது நம் வேலை இல்லை என்று விசுவாசமும் சொல்கிறது. அந்தப் பாரத்தை இறக்கிவைத்தால் பேச்சு தானாக இயல்பாகிவிடும்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் விசுவாசம் பரவியதில் குருப்பட்டம் பெறாத சாதாரண விசுவாசிகளின் பங்கு பெரிது. கிளாரிந்தா அம்மாள் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்றது 1778இல். பிராமண விதவை. அவர் முன்னின்று கட்டிய கோவில் 1785இல் பிரதிஷ்டை ஆனது. இன்றும் அதைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் சொல்கிறோம். எச். ஏ. கிருஷ்ண பிள்ளையும் இருக்கிறார். வைணவக் குடும்பத்துத் தமிழறிஞர், சாயர்புரத்தில் மிஷன் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். மிஷனரிகளை அன்றாடம் பார்த்தும் அவர் உடனே மாறிவிடவில்லை. அவருடைய தம்பியும் நெருங்கிய நண்பரும் அவருக்கு முன்பே கிறிஸ்தவர்களாகியிருந்தார்கள். 1858இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். பின்னால் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தை எழுதியதோடு, தான் கிறிஸ்தவரான வரலாற்றையும் எழுதி வைத்தார்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். யாராவது பைபிள் வாசிக்கக் கேட்டால் மாற்கு சுவிசேஷத்தைக் காட்டுங்கள். 16 அதிகாரம்தான், ஒரு ஞாயிறு மதியத்தில் முடித்துவிடலாம். நாம் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு புதியவர்களுக்குக் கடினமாக இருக்கும், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் எளிதாக இருக்கும். கொடுத்த பிறகு, வாசித்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவர்களே கேள்வியோடு வந்தால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைச் சபை ஐயரிடம், அதாவது போதகரிடம், கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், கேட்டும் சொல்லுங்கள்.