அந்த மூவாயிரம் ரூபாய் எதற்கு?

கேள்வி: முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். குழுக் கடன் 40,000 ரூபாய் வாங்கினேன். இரண்டு வாரமாகத் தவணை கட்ட முடியவில்லை. வசூலுக்கு வருகிறவர் இரவு எட்டு மணி வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். வேறு நிறுவனத்தில் கடன் வாங்கி இதை அடைத்துத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். 3,000 ரூபாயும் ஆதாரும் ஏடிஎம் அட்டையும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது, அம்மா.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு மாதம் 12,000 ரூபாய் வந்தால் தவணை 6,000 ரூபாய்க்குள்தான். ஏற்கெனவே திணறுகிற உங்களுக்கு, ஒழுங்காகக் கணக்குப் பார்க்கும் எந்த நிறுவனமும் கடன் தராது. தரகர் உங்கள் வருமானத்தைக் கூட்டி எழுதுவார். அந்தப் பொய்க்குக் கூலிதான் 3,000 ரூபாய். பத்தமடையில் பாய் நெய்கிற ஒரு பெண், ரப்பர் பேண்ட் போட்ட நான்கு தவணை அட்டைகளை என் முன்னால் வைத்தார். நான்காவது கடனில் பாதி தரகர் மடியில். தவணை மட்டும் முழுவதும் அந்தப் பெண் தலையில்.

இனி வசூல். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வரக் கூடாது. தவணை வாங்கும் இடம் குழுக் கூட்டம் நடக்கிற பொது இடம், உங்கள் வாசல் அல்ல. ஒரே விலக்கு: தொடர்ந்து இரண்டு முறை நீங்கள் அங்கே வராவிட்டால் வீட்டுக்கு வரலாம். கவனியுங்கள், பணம் கட்டாததற்காக அல்ல, ஆள் வராததற்காக. கையில் காசில்லை என்ற வெட்கத்தில் பெண்கள் அடுப்படியில் ஒளிந்துகொள்கிறார்கள்; அதுவே வாசலைத் திறந்துவிடுகிறது. வெறுங்கையோடாவது போய் உட்காருங்கள். நீங்கள் கூட்டத்துக்கு வந்ததைத் தேதியோடு குறித்து, குழுத் தலைவியிடம் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்கு வர நேர்ந்தாலும் 6 மணிக்கு எழுந்து போயாக வேண்டும்.

நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448 என்ற தொலைபேசி எண்.

கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு தீக்குளித்தது. அதற்குப் பிறகும், ஒரு நாள் பீடிக் கூலியை விட்டுவிட்டு வந்த பெண்ணை "மேலாளர் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள்" என்று வங்கியில் திருப்பி அனுப்பினால் அவள் எங்கே போவாள்? தரகரை வளர்ப்பது இந்தத் திங்கட்கிழமைகள்தான். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் வங்கிக் கடனைக் குழுவாகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏடிஎம் அட்டையை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குப் போய் முடக்கச் சொல்லிவிடுங்கள்.