அப்பா பேரு சர்நேம் ஆகுமா?

கேள்வி: ஐயா, பையன் வேலைக்கு ஜெர்மனி போயிருக்கான். பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல அவங்கப்பா பேரு இருக்கறதால ஆபீஸ்ல எல்லாரும் என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுறாங்களாம். நமக்குன்னு ஏன் ஒரு குடும்பப் பேரு இல்ல?
வாசகி, திருப்பூர்

பதில்: இதைக் குறையா நினைக்காதீங்கம்மா, பாதி நாமளே வேணும்னு விட்டதுதான். 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல, பேருக்குப் பின்னாடி வர்ற சாதிப் பட்டத்தை விடணும்னு தீர்மானம் போட்டாங்க, அதுக்கப்புறம் முதலியார், பிள்ளைன்னு போட்டுக்கிட்டிருந்தவங்க நிறையப் பேரு வெறும் இனிஷியலோட நிறுத்திக்கிட்டாங்க, இன்னிக்கு ஒரு பையன் பேரைக் கேட்டதும் சாதி தெரியலன்னா அது நமக்குக் கிடைச்ச பெரிய சொத்துன்னே நான் சொல்லுவேன். அப்பா பேரை முன்னாடி வைக்கிறதும் ரொம்பப் பழசு. சங்கப் புலவர் நக்கீரரை 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்'னு எழுதியிருக்காங்க பாருங்க, ஊரு, அப்பா, அப்புறம்தான் அவரு, நம்ம தாத்தாங்க கையெழுத்து மாதிரியே. ஜெர்மனில ஆபீஸ்னா நம்ம 'திரு' மாதிரி 'ஹெர்'னு போட்டு சர்நேம் சொல்றதுதான் மரியாதை, அவங்க மேல தப்பில்ல. தம்பி மெயில்ல கீழ தன் பேரைத் தனியாப் போட்டு, இப்படிக் கூப்பிடுங்கன்னு ஒரு வரி எழுதட்டும், கூட வேலை பார்க்கறவங்ககிட்ட நேர்லயும் சொல்லட்டும்.