கால்பந்து கேள்வி-பதில்: கதவைச் சாத்திக்கொண்டால் எப்படித் திறப்பது?

இங்கிலாந்தில் பிரீமியர் லீகுக்கு ஒரு படி கீழே சாம்பியன்ஷிப். 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டம். முதல் இரண்டு அணி நேரடியாக மேலே போகும். 2024-25இல் 3 முதல் 6 வரை பிடித்தவர்கள் பிளே ஆஃப் ஆடி அதில் ஒருவர் போனார். 2024-25இல் இந்த லீகை வென்ற லீட்ஸ் யுனைடெட்டைப் பற்றியே கேள்விகள் குவிந்திருப்பதால், இந்த இதழ் முழுக்க லீட்ஸ் புராணம்தான். மற்ற அணி ரசிகர்கள் பொறுத்தருள்க.

கே: 2023-24இல் 90 புள்ளி எடுத்தும் மூன்றாம் இடம். அடுத்த ஆண்டு 100 எடுத்தும் கோப்பைக்காகக் கடைசி நாள் வரை வயிற்றில் புளி கரைத்தது. எத்தனை எடுத்தால்தான் நிம்மதி?

ப: நிம்மதி வேண்டுமென்றால் சதுரங்கம் பாருங்கள் சார். இரண்டாம் இடம் பிடித்தவர்களின் புள்ளிகளை 2018-19இலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்: 89, 83, 91, 88, 91, 96, 100. ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி என்பது பழைய கணக்கு. 46 ஆட்டத்துக்கு 92 வரும். முதல் ஐந்து சீசன்களில் அது தாராளம். 2023-24இல் லெஸ்டர் 97, இப்ஸ்விச் 96 எடுத்ததும் அந்தக் கணக்கு படுத்துவிட்டது.

அதைவிட முக்கியம், புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்பது. 90 எடுத்த ஆண்டில் லீட்ஸ் 27 வெற்றி, 9 டிரா, 10 தோல்வி. 100 எடுத்த ஆண்டில் 29 வெற்றி, 13 டிரா, 4 தோல்வி. வெற்றி இரண்டே இரண்டுதான் கூடியிருக்கிறது, தோல்வியோ ஆறு குறைந்திருக்கிறது. தோற்றிருக்க வேண்டிய ஆட்டத்தை இழுத்துப் பிடித்து டிரா செய்யத் தெரிந்துகொண்டதுதான் பெரிய மாற்றம். அந்த நான்கு தோல்விகளும் (பர்ன்லி, மில்வால், பிளாக்பர்ன், போர்ட்ஸ்மத்) 0-1 என்றே முடிந்தன. ஒன்றில்கூட அணி சிதறவில்லை.

கடைசி ஆறு ஆட்டத்தைப் பாருங்கள், வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். 2023-24இல் கவன்ட்ரி, பிளாக்பர்ன், கியூபிஆர், சவுத்தாம்ப்டன் நால்வரிடமும் தோல்வி, சண்டர்லேண்டுடன் டிரா, மிடில்ஸ்பரோவிடம் மட்டும் 4-3 வெற்றி. ஆக 18க்கு 4 புள்ளி. மறு ஆண்டு கடைசி ஆறிலும் வெற்றி, 18க்கு 18.

கே: எங்கள் மைதானத்தில் பந்து எப்போதும் எங்கள் காலில்தான். எதிரணி பத்துப் பேரையும் பாக்ஸ் முன்னால் நிறுத்திவிடுகிறது. ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பாஸ் கொடுத்தும் கோல் இல்லை. பயிற்சியாளர் ஃபார்கேவிடம் வேறு திட்டமே கிடையாதா?

ப: திட்டம் இருக்கிறது. அதை எந்த வேகத்தில் செய்கிறார்கள் என்பதில்தான் தகராறு.

ஆடுகளத்தின் அகலம் 68 மீட்டர். பெனால்டி பாக்ஸின் அகலம் 40 மீட்டர் சொச்சம். அடைத்து நிற்கும் அணியின் நான்கு டிஃபெண்டர்கள் பாக்ஸ் அகலத்தை மட்டும் காப்பார்கள். இரு ஓரங்களிலும் தலா 14 மீட்டர் காலியாகக் கிடக்கும். அந்த இடத்தை அவர்கள் வேண்டுமென்றே விட்டுத்தருகிறார்கள், ‘அங்கிருந்து கிராஸ் போடு, எங்கள் ஆறடிக்காரர்கள் தலையால் தட்டிவிடுவார்கள்’ என்று. லீட்ஸ் கோட்டைவிட்ட பல ஆட்டங்களில் அந்த அழைப்பை ஏற்று, ஓரத்தில் நின்ற இடத்திலிருந்தே கிராஸைத் தூக்கிப் போட்டதுதான் நடந்தது.

திறக்கும் வழி எதிரணியை ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறுபக்கம் தாக்குவது. ஆனால் பந்தை இடமிருந்து வலம் கொண்டுபோக நான்கைந்து சின்னப் பாஸ்கள் கொடுத்தால் ஏழெட்டு விநாடி ஓடிவிடும். அதற்குள் எதிரணி ஒரு வரிசையாக நகர்ந்து வந்து நின்றுகொள்ளும். ஒரே உதையில் குறுக்காக 40, 50 மீட்டர் அனுப்பினால் மூன்று விநாடிக்குள் போய்ச் சேரும். 2024-25இல் மிட்ஃபீல்டர் ஜோ ராத்வெல் ஆடும்போது லீட்ஸ் ஆட்டம் விறுவிறுப்பாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம். அவர் டிஃபெண்டர்களுக்கு இடப்பக்கமாக இறங்கி வந்து பந்தை வாங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, வலக்கோடியில் நிற்கும் டேன் ஜேம்ஸுக்கு நேராக அனுப்புவார். ஜேம்ஸுக்குப் பந்து கிடைக்கும்போது எதிரே ஒரே ஒருவர். ஒற்றைக்கு ஒற்றை ஓட்டத்தில் ஜேம்ஸைப் பிடிக்க இந்த லீகில் ஆள் குறைவு.

அந்த சீசனில் இடப்பக்கம் கதை வேறு. மனோர் சாலமன் வலக்கால்காரர், இடக்கோட்டிலிருந்து உள்ளே வெட்டி வருவார். அவரைத் தொடர்ந்து எதிரணி வலப்பக்க டிஃபெண்டர் உள்ளே வந்தால், லீட்ஸின் இடப்பக்க டிஃபெண்டர் ஜூனியர் ஃபிர்போ வெளிப்பக்கமாக ஓடிப் பந்தை வாங்குவார். வரவில்லையென்றால் சாலமனே கோலை நோக்கி அடிப்பார். ஃபிர்போ கோல் கோட்டருகே வரை போய்ப் பந்தைப் பின்னோக்கித் தரைவாக்கில் தருவதுதான் இதில் உச்சம். கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும் டிஃபெண்டரால் பின்னால் போகும் பந்தைத் தடுக்க முடியாது.

எங்கே கெடுகிறது? சாலமன் கோட்டருகே நிற்காமல் முன்கூட்டியே உள்ளே வந்துவிட்டால் ஃபிர்போவுக்கு வழி அடைபடும். நடுவில் ஆடும் பிரெண்டன் ஆரன்சனும் பந்தைத் தேடி இடப்பக்கமே வந்துவிட்டால், நாலடிச் சதுரத்தில் லீட்ஸ்காரர்களே மூன்று பேர் முட்டிக்கொள்வார்கள். இடைவேளைக்குப் பிறகு இந்தக் கூட்டம் கூடுவதைக் கவனித்தால் போதும், இன்று கோல் வராது என்று சொல்லிவிடலாம்.

முதல் கோல் சீக்கிரம் விழுந்தால் கதையே மாறும், அடைத்து நிற்பதில் பிறகு அர்த்தமில்லை. 2025 ஏப்ரல் 21 அன்று ஸ்டோக்குக்கு எதிராக ஜோயல் பிரூ பத்து நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்தார். இடைவேளைக்குள் 5-0, அதில் நான்கு பிரூவுடையவை. ஆட்டம் 6-0 என முடிந்து, அன்று மாலையே ஷெஃபீல்ட் யுனைடெட்டை பர்ன்லி வீழ்த்தியதும் லீட்ஸின் உயர்வு உறுதியானது.

கே: ஆட்களை 4-2-3-1 என்று வரிசையாக நிறுத்தும் முறை பழசாகிவிட்டதே?

ப: அந்த எண் ஆட்டம் தொடங்கும் முன் டிவியில் காட்டும் படத்துக்கு. பந்து கையில் இருக்கும்போது லீட்ஸ் பின்னால் மூவர், அவர்களுக்கு முன் இருவர், மேலே ஐவர் என்று நின்றது. பின்னால் இருக்கும் அந்த ஐந்து பேரை எண்ணிக்கொண்டே பாருங்கள். ஃபிர்போ மேலே போனால் வலப்பக்க டிஃபெண்டர் ஜேடன் போகல் பின்னால் நின்றாக வேண்டும். இருவரும் சேர்ந்து போன நேரத்தில் பந்து பறிபோனால், நடு டிஃபெண்டர்கள் ரோடனும் ஸ்ட்ரைக்கும், அவர்களுக்கு முன்னால் மிட்ஃபீல்டர் அம்பாடுவும் மட்டும் அரை மைதானத்தைக் காக்க வேண்டியிருக்கும்.

கே: ஏழு ஆட்டம் மட்டும் மிச்சமிருக்கும்போது கோல்கீப்பரை மாற்றியது சரியா? நடுக்கடலில் படகு மாறுவது போல இல்லையா?

ப: மாற்றியது சரி, தாமதமாக மாற்றியதுதான் தவறு என்பது என் கட்சி. 2024 அக்டோபரில் சண்டர்லேண்டில் 97வது நிமிடம், தூரத்திலிருந்து வந்த பந்து தரையில் குத்தி கீப்பர் மெலியேவின் கைக்குத் தப்பி உள்ளே போய் 2-2. மார்ச் 29 அன்று ஸ்வான்சியுடன், ஆட்டம் முடியும் தறுவாயில் லீட்ஸின் ஞொன்டோ அடித்து 2-1 ஆக்கிய பிறகும் அடுத்த சில நிமிடங்களில் ஒரு பந்து கால்களுக்கு நடுவே நழுவி மறுபடி 2-2. இத்தனைக்கும் அதே ஆட்டத்தில் ஒரு பெனால்டியைத் தடுத்தவர் அவர்தான்.

ஒரு கீப்பர் தடுமாறினால் இழப்பு அந்த ஒரு கோலோடு நிற்காது. நம்பிக்கை குறைந்த கீப்பர் கோல் கோட்டிலேயே நிற்பார், கார்னருக்கு வெளியே வரமாட்டார். அதைப் பார்த்து டிஃபெண்டர்கள் ஐந்து மீட்டர் பின்வாங்குவார்கள். அவர்களுக்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவே இடைவெளி விழும், சிதறும் பந்துகளெல்லாம் அங்கே எதிரணி காலில் போய் விழும். அவருக்குப் பதிலாக வந்த கார்ல் டார்லோ அற்புதங்கள் செய்யவில்லை, பிடிக்க வேண்டியதைப் பிடித்தார். ஏழு ஆட்டத்தில் மூன்றே கோல் விட்டார்.

கே: 46 ஆட்டத்தில் 16 கோல் மட்டும் விட்டது பர்ன்லி. ஆனால் பார்க்க அலுப்பாக இருந்ததே! அதுவும் ஒரு ஆட்டமா?

ப: 30 ஆட்டத்தில் கோலே விடவில்லை, இரண்டே தோல்வி, 100 புள்ளி. அலுப்பு உங்களுக்கு, பர்ன்லிக்காரர்களுக்கு இல்லை. அவர்களின் அப்போதைய பயிற்சியாளர் ஸ்காட் பார்க்கர் செய்தது எளிது. இரு ஃபுல்பேக்கும் (ஓர டிஃபெண்டர்கள்) சேர்ந்து மேலே போகத் தடை, நடுவில் இருவர் இடம் பெயரக் கூடாது, கோலடிக்கும் வேலை பின்னாலிருந்து தாமதமாக ஓடிவரும் பிரவுன்ஹில்லுக்கு. அவர் ஒரு மிட்ஃபீல்டர், லீகில் 18 கோல். இதற்குக் கொடுத்த விலை 16 டிரா. புள்ளி சமம், கோல் வித்தியாசத்தில் லீட்ஸ் +65, பர்ன்லி +53. கோப்பை அந்த 12இல்தான் கைமாறியது. 4-0 ஆன பிறகும் லீட்ஸ் ஐந்தாவதைத் தேடி ஓடியதை வீண் வேலை என்றவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கே: பிளே ஆஃப் நியாயமா? மூன்றாவதாக வந்தவரை ஆறாவதாக வந்தவரோடு மோத விடுவது அநியாயம் இல்லையா?

ப: அநியாயம்தான், அதனால்தான் டிக்கெட் விற்கிறது. 2018-19 முதல் ஏழு சீசனில் மூன்றாம் இடத்துக்காரர் வென்றது இரண்டு முறை (பிரென்ட்ஃபோர்ட், லூட்டன்). நான்காம் இடம் நான்கு முறை, ஐந்தாம் இடம் ஒரு முறை. 2025இல் ஷெஃபீல்ட் யுனைடெட் எடுத்தது 90. சண்டர்லேண்ட் எடுத்தது 76, அதுவும் லீகின் கடைசி ஐந்து ஆட்டத்தையும் தோற்றுவிட்டு வந்த அணி. அரையிறுதியில் கவன்ட்ரியை 122வது நிமிடக் கோலில் கடந்து, இறுதியில் 95வது நிமிடத்தில் டாம் வாட்சன் அடிக்க 2-1 என்று மேலே போனது. ஷெஃபீல்ட் 1-0 முன்னிலையில் இருந்தபோது அவர்களின் இரண்டாவது கோலை விஏஆர் (வீடியோ நடுவர்) ஆஃப்சைடு என்று அழித்தது வேறு.

லீட்ஸ் ரசிகருக்கு இது நன்றாகவே தெரியும். 1987, 2006, 2008, 2009, 2019, 2024 என ஆறு முறை பிளே ஆஃபில் ஆடி ஒருமுறைகூட மேலே போகவில்லை. 2019 அரையிறுதியில் டெர்பி கவுன்ட்டி அணியை அதன் மைதானத்தில் 1-0 வென்று, சொந்த மைதானத்தில் 2-4 தோற்றது தனி ரகம். வெளியூர்க் கோலுக்குக் கூடுதல் மதிப்பு இங்கே கிடையாது, மொத்தக் கணக்கு சமமானால் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி.

கே: பிரீமியர் லீகிலிருந்து இறங்கிய அணிகளுக்குக் கிடைக்கும் பணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதா?

ப: பாதி ஆமாம். இறங்கிய அணிக்கு ஒளிபரப்புப் பணத்தின் சமபங்கில் முதல் ஆண்டு 55 சதவீதம், அடுத்து 45, அடுத்து 20 வரும். ஒரே சீசனில் மேலே போய் இறங்கியவருக்கு மூன்றாம் ஆண்டு கிடையாது. ஆனால் இப்ஸ்விச் இந்தப் பணம் ஏதுமில்லாமல், மூன்றாம் அடுக்கிலிருந்து வந்த கையோடு 96 புள்ளி எடுத்தது.

கே: சீசன் நடக்கும்போது நம்பிக்கை வைக்கலாமா வேண்டாமா என்று எப்படிக் கணக்குப் போடுவது? அட்டவணையைப் பார்த்தால் தூக்கம் போகிறது.

ப: அட்டவணையை மூடிவையுங்கள். ஐந்தைந்து ஆட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்துக்கும் 10 புள்ளி என்று வையுங்கள். மூன்று வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி போதும். ஒன்பது கட்டம் முடிந்தால் 90, மேற்கொண்டு ஓர் ஆட்டம் மிச்சம். 2024-25 போன்ற சீசனுக்கு இரண்டு மூன்று கட்டங்களில் 12, 13 எடுத்துச் சேமித்தாக வேண்டும். 2025 மார்ச் 1இலிருந்து ஆறு ஆட்டத்தில் லீட்ஸ் எடுத்தது 7 மட்டுமே. வெஸ்ட் பிராம், கியூபிஆர், ஸ்வான்சி, லூட்டனுடன் டிரா, போர்ட்ஸ்மத்திடம் தோல்வி, மில்வாலிடம் மட்டும் வெற்றி. சேமிப்பு இருந்ததால் பிழைத்தது.

கே: இதே ஆட்டத்தை பிரீமியர் லீகில் ஆடினால் என்ன ஆகும்?

ப: அடி விழும். 2023-24 பிரீமியர் லீகில் புதிதாக ஆடிய மூவரும் அந்த ஆண்டே இறங்கினார்கள், 2024-25இல் புதிதாக ஆடிய மூவரும் அப்படியே. பந்தைப் பிடித்து ஆடியே தீருவேன் என்று நின்ற சவுத்தாம்ப்டன் 38 ஆட்டத்தில் எடுத்தது 12 புள்ளி. ஃபார்கேவுக்கே அனுபவம் உண்டு. 2018-19இல் நார்விச்சை சாம்பியனாக்கி மேலே கொண்டுபோனார், மறு ஆண்டு 21 புள்ளியோடு கடைசி இடம். 2020-21இல் மறுபடி சாம்பியன். 2021 நவம்பரில் பிரென்ட்ஃபோர்டில் அந்த சீசனின் முதல் வெற்றியைப் பெற்ற அன்றே வேலையிலிருந்து தூக்கினார்கள். மேலே ஆடுவதென்றால் அடைத்து நிற்கும் முறை லீட்ஸுடையதாக வேண்டும், அந்த 14 மீட்டரைத் தாராளமாக விட்டுத்தரப் பழக வேண்டும்.